கோடிக்கரைக்கு ஒரு லென்ஸ்

தனுஷ்கோடியில் ஒரு நாள் மாலை, 1964ஆம் வருஷத்துப் புயலில் இடிந்துபோய்ச் சுவர்கள் மட்டும் மிஞ்சி நிற்கும் மாதா கோயிலுக்குள் நின்றுகொண்டு, காமிராவில் மாட்டியிருந்த சிறிய லென்ஸைக் கழற்றித் தோள்பையில் போட்டுவிட்டு, பையிலிருந்த நீண்ட லென்ஸை எடுத்து மாட்டுவதற்குள், அந்த முனையில் ஓயாமல் வீசும் கடற்காற்று தன் காரியத்தை முடித்துக்கொண்டுவிட்டது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. ஊர் திரும்பிப் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், அந்த மாலைக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும், வானத்தின் வலது மூலையில், ஒரே இடத்தில், மூன்று கரும்புள்ளிகள் இருக்கக் கண்டேன். பறவைகள் என்று எண்ணி முதலில் சந்தோஷப்பட்டேன். மூன்று பறவைகள் இரண்டு நாட்களாக, வரிசை கலையாமல், ராமநாதபுரம் வரையில் என்னோடு கூடவே பறந்து வந்திருக்க முடியாது என்பது சற்று நேரம் கழித்தே உறைத்தது.

விஷயம் தெரிந்தவர்கள் சொன்ன பிறகு அந்தப் புள்ளிகளின் பூர்வோத்தரம் விளங்கியது. பிலிம் காமிராவில் ஒரு தூசி உள்ளே போனால், அது பெரும்பாலும் ஒரு படத்தைக் கெடுத்துவிட்டு அந்தப் படத்தோடேயே நகர்ந்து போய்விடும். அடுத்த படத்துக்குப் புதுப் பிலிம் வந்து நிற்கும். டிஜிட்டல் காமிராவிலோ, பிலிமின் ஸ்தானத்தில் நிரந்தரமாக வீற்றிருக்கும் சென்ஸார் என்னும் தகடு, அளவில் ஒரு தபால்தலைக்குச் சமானமானதாயினும், கடற்காற்றின் ஈரத்தோடு தன்மேல் வந்து ஒட்டிய தூசியை லேசில் விடுவதில்லை. சில காமிராக்கள் சென்ஸாரைத் தாமே அதிரச் செய்து உதறிப் பார்க்கும். எல்லாத் தூசியும் அதற்கு மசிவதில்லை. லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எடுக்கும் படங்களில், அதிலும் வெறும் வானம் விரியும் இடங்களில், ஒட்டிய தூசியின் நிழல் விழுந்துகொண்டே இருக்கும். காசு கொடுத்துத் துடைக்கச் செய்தேன். அன்றே ஒரு சங்கல்பமும் செய்துகொண்டேன்: இனிப் பிரயாணத்தில் ஒரே லென்ஸ்தான், வீட்டு வாசற்படியில் மாட்டினால் திரும்பி வந்து அதே வாசற்படியில்தான் கழற்றுவது.

சங்கல்பம் செய்வது சுலபம். அந்த ஒரே லென்ஸ் எது என்று தீர்மானிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. திருச்சியில் ஒரு கடையில் விசாரித்தபோது, கண்ணாடி அலமாரியிலிருந்து நான்கைந்து லென்ஸுகளை எடுத்துத் துணிமேல் வரிசையாக நிறுத்திய இளைஞர், அவற்றில் மிகவும் பருத்திருந்த ஒன்றைத் தட்டிக்காட்டி, "சார், இது ஒண்ணு இருந்தாப் போதும், கல்யாணமும் எடுக்கலாம், காக்காவும் எடுக்கலாம்" என்றார். கல்யாணத்துக்கும் காக்கைக்கும் பொதுவான ஒரு பொருள் உலகத்தில் உண்டு என்பதை நம்ப என் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தின் கவர்ச்சியிலிருந்து விடுபடவும் முடியவில்லை.

இந்தக் கவர்ச்சி இன்று நேற்று உண்டானதல்ல. சினிமாக்காரர்களிடம் முன்பே ஜூம் லென்ஸ் இருந்ததென்றாலும், 35 மில்லிமீட்டர் பிலிமில் அசையாப் படம் எடுப்பவர்களுக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1959இல்; ஃபிராங்க் பேக் என்பவர் வகுத்து, ஃபோக்ட்லாண்டர் கம்பெனியின் பெயரோடு வெளிவந்த 'ஸூமர்' என்னும் அந்த லென்ஸ் 36 மில்லிமீட்டரிலிருந்து 82 வரையில்தான் நீளும். 1963இல் நிக்கான் 43இலிருந்து 86 வரை நீளும் ஒன்றைச் சற்றுக் கைக்கடக்கமாகச் செய்தது. 1992இல் டாம்ரான் 28இலிருந்து 200 வரை எட்டும் லென்ஸைக் கொணர்ந்தபோதுதான், பிரயாணி ஒருவன் ஒரே குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புறப்படலாம் என்ற ஆசைக்கு ஆதாரம் பிறந்தது. 2005இல் நிக்கானின் 18–200, கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பையும் உடன்சேர்த்து, டிஜிட்டல் யுகத்துக்கு அந்த ஆசையைப் புதுப்பித்துக் கொடுத்தது. தமிழில் பிரயாண நூல் என்றால் நினைவுக்கு வரும் ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி உலகத்தின் பல பாகங்களிலும் அலைந்து, 1940இல் அந்தப் படத்தை வெளியிட்டவர். ஜூம் லென்ஸ் சாமானியர் கைக்கு எட்டாத அக்காலத்தில், எதையும் பெரிதாகக் காட்ட விரும்பியவர்கள் அதன் அருகே நடந்து போனார்கள். என் முழங்காலைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் காரணமாக, அந்த வழியை நான் முழு மனத்தோடு சிபாரிசு செய்வதற்கில்லை.

என் தங்கையின் மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவன். கடை இளைஞரின் வாக்கியத்தை அவனிடம் சொன்னபோது அவன் சிரித்துவிட்டான். "மாமா, கடையில் வச்சுப் பார்த்தா எல்லா லென்ஸும் நல்லாத்தான் இருக்கும். என்கிட்ட 18–300 ஒண்ணு சும்மா கிடக்கு. நாலு நாள் எங்கயாவது சுத்திட்டு வாங்க, அப்புறம் எது வேணும்னு நீங்களே சொல்லுவீங்க" என்றான். தொழிலுக்கு அதை ஏன் உபயோகிப்பதில்லை என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன காரணத்தை, மண்டபத்து விளக்கொளியில் வேலை செய்கிறவனுடைய பக்ஷபாதம் என்றுதான் அப்போது எண்ணினேன்.

காரணம் இதுதான். லென்ஸின் குவியத்தூரத்தை (நீளம் என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்) அதன் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வரும் ஈவே அதன் வெளிச்ச எண். எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம். அவனுடைய லென்ஸ் 18இல் நிற்கும்போது அந்த எண் 3.5, 300க்கு நீண்டால் 6.3. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், நீண்ட கோடியில் சென்ஸாரை வந்தடையும் வெளிச்சம் குட்டைக் கோடியில் வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் 300இலும் எண் சிறியதாக இருக்கும்படி ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். 2.8 வேண்டுமென்றால் 107 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி வேண்டும். அத்தகைய லென்ஸுகள் இருக்கின்றன, அவற்றில் பல இரண்டரைக் கிலோவைச் சுற்றி எடை கொண்டவை, பெரும்பாலும் ஜூமும் ஆகா. அவற்றைத் தூக்க ஓர் ஆளும், வாங்க ஒரு நிலமும் வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் ஒரு குழாய்க்குள் அடக்க முயன்றவர்கள் வெளிச்சத்தைத்தான் விலையாகக் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழத் தொடங்கியிருந்த சமயம் அது. தஞ்சாவூர், தாராசுரம், வேதாரண்யம், கோடிக்கரை என்று வழியை வகுத்துக்கொண்டேன். மலை போன்ற விமானமும், சாண் அளவுச் சிற்பமும், எட்டாத் தூரத்துப் பறவையும் ஒரே பாதையில் அமைந்த பிரதேசம் இதைவிட வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஒரு லென்ஸைப் பரீக்ஷை செய்ய வினாத்தாள் தயாரித்தாற்போல இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பிற்பகல் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயில் கிழக்கு நோக்கியதாகையால், உதய காலத்தில் கோபுரங்களுக்கு வாய்க்கும் பிரகாசம் அஸ்தமன காலத்தில் விமானத்தின் முதுகுக்கு வாய்க்கிறது. அந்தப் பொன்னிறத்தைக் காண விரும்புகிறவர்கள் தென்மேற்கு மூலையில், திருச்சுற்று மாளிகையின் ஓரமாகப் போய் நிற்கவேண்டும். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த அந்த விமானத்தின் உயரம் 216 அடி. காமிராவை நிறுத்திப் பிடித்து, லென்ஸை 18இல் வைத்து, அண்ணாந்து பார்த்தபோது, பீடத்தின் அடிவரிசை முதல் உச்சிக் கலசம் வரையில் முழுவதும் சட்டத்துக்குள் வந்து அடங்கியது. என் பழைய சிறு லென்ஸும் 18இல்தான் தொடங்குவதாகையால் இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆயினும் படத்தைப் பார்த்தபோது, சோழ ஸ்தபதியின் விமானம் பின்புறமாகச் சாய்ந்து ஆகாயத்தை வேடிக்கை பார்ப்பதுபோல் இருந்தது. அதை லென்ஸின் குற்றம் என்று சொல்வது நியாயமல்ல. அண்ணாந்து எடுத்தால் எந்த லென்ஸும் நெட்டுக்கோடுகளை மேலே கூடிப்போகச் செய்யும். லென்ஸின் சொந்தக் குற்றம் வேறிடத்தில் தெரிந்தது. திருச்சுற்று மாளிகையின் நீண்ட உத்தரத்தைச் சட்டத்தின் மேல் விளிம்புக்கு ஒட்டினாற்போல் வைத்து எடுத்தபோது, மட்டம் பிசகாத அந்தக் கல்வரிசை நடுவில் பீப்பாயைப்போல் மெல்லப் புடைத்துக்கொண்டது. சிறிது நீட்டி 35க்கு மேல் கொண்டுபோனால் புடைப்பு மறைந்து, அதற்கு நேர்மாறாக உள்வாங்கிக் குழிந்தது. பரந்த பார்வைக்கும் குறுகிய பார்வைக்கும் பதினாறு பதினேழு கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று முன்னும் பின்னும் நகர்த்தி ஏற்பாடு செய்கிறவர்கள், ஒரு கோடியில் வளைவைச் சரிசெய்தால் மறு கோடியில் அது வேறு ரூபத்தில் தலைகாட்டுகிறது. இப்போதைய காமிராக்கள் பல இதைத் தாமே கணக்கிட்டு நிமிர்த்திக் கொடுத்துவிடுகின்றன என்பதால், இதை ஒரு பெரிய தோஷமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தபடியாக அந்த லென்ஸ் எனக்குக் காட்டியதை நான் மறக்கமுடியாது. விமானத்தின் வடபுறத்தில், தொப்பி வைத்த வெள்ளைக்காரரைப்போல் ஓர் உருவம் இருப்பதாக வழிகாட்டிகள் காலங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். கீழே நின்று வெறுங்கண்ணால் பார்ப்பவர்கள் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு நகர்வதுதான் வழக்கம், நானும் இருமுறை அப்படித் தலையாட்டியவன். இம்முறை வளையத்தைத் திருப்பி 300க்குக் கொண்டுபோனேன். 18இல் 76 பாகை அகலமாக இருந்த உலகம் ஐந்து பாகைக்குள் சுருங்கிற்று. அந்த ஐந்து பாகைக்குள் அந்த மனிதர், தொப்பியும் முகமுமாக, சுதையின் கரடுமுரடு வரையில் தெளிவாக வந்து நின்றார். நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட நகராமல், லென்ஸைக் கழற்றாமல், முழு விமானத்திலிருந்து ஒரு முகத்துக்கு இரண்டே வினாடியில் போய்வர முடிந்த அந்தக் கணத்தில், கடை இளைஞரின் வாக்கியத்தை முக்கால்வாசி நம்பிவிட்டேன் என்றே சொல்லவேண்டும். கருவறையைச் சுற்றிய உட்பிராகாரத்தில், 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்து உலகுக்குச் சொன்ன சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே எந்த லென்ஸுக்கும் அனுமதி இல்லை. ஒரு விதத்தில் அதுவும் நல்லதுதான். அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் அங்கேயும் 300ஐ நீட்டியிருப்பேன்.

மறுநாள் காலை கும்பகோணத்து பஸ்ஸில் ஏறித் தாராசுரத்தில் இறங்கினேன். கும்பகோணம் போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம் என்று இறங்கிய பிறகு தோன்றியது.

இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலைப் பற்றி ஒரு கட்டுரையின் நடுவில் எழுதுவது மரியாதையாகாது. குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த முன்மண்டபத்தையும், ஒரே தலையை இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட யானையையும் ரிஷபத்தையும் படம் எடுக்காமல் எவரும் திரும்புவதில்லை. அவை திறந்த வெளிச்சத்தில் இருப்பதால் எந்த லென்ஸுக்கும் வசப்படும். நான் போனது சுவரின் அடிப்புறத்தில், குனிந்தால் மட்டுமே தென்படும்படி, நாயன்மார்களுடைய சரித்திரத்தைச் சிறு சிறு கற்பலகைகளில் செதுக்கியிருப்பதைப் பார்க்க. அந்தச் சிற்பங்கள் ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். ஒன்றரை அடிக்கும் அருகே போனால் இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகாமல் முன்னும் பின்னும் அலைந்தது. ஒன்றரை அடியில் நின்று 300க்கு நீட்டினாலோ, எதிர்பார்த்த அளவு பெரிதாகவில்லை. உள்ளுக்குள் கண்ணாடிகளை நகர்த்தி ஃபோகஸ் செய்யும் இவ்வகை லென்ஸுகள், அருகிலிருக்கும் பொருளைப் பார்க்கும்போது தம் நீளத்தில் கணிசமான பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்துவிடுகின்றன என்பதும், வளையத்தில் எழுதியிருக்கும் 300 என்பது தூரத்துப் பொருளுக்கு மட்டுமே கொடுத்த வாக்கு என்பதும் அங்கேதான் தெரிந்தது.

வெளிச்சத்தைப் பற்றி என் மருமகன் சொன்னதும் அங்கேதான் விளங்கியது. ஆனால் நான் எதிர்பார்த்த விதத்தில் அல்ல. மண்டபத்துக்குள் தூண்களில் இருக்கும் சிற்பங்களை, காமிராவின் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தேன். கைநடுக்கத்தைத் தாங்கும் அமைப்பின் கிருபையால் அவை கல்லில் உளி பட்ட தடம் தெரியும்படி வந்தன. கல்லுக்கு அவசரம் இல்லை. அதே மண்டபத்தில் ஒரு பாட்டி, ஐந்து வயதுப் பேத்தியின் விரலைப் பிடித்துத் தூணிலிருந்த நர்த்தகியின் காற்சதங்கைமேல் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பேத்தி திரும்பி, பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பாட்டியிடம் கேட்டுக்கொண்டு நான்கு படங்கள் எடுத்தேன். நான்கிலும் நர்த்தகி தெளிவாக இருக்கிறாள். பாட்டி ஓரளவு இருக்கிறாள். குழந்தையின் முகம் இருந்த இடத்தில் ஒரு வெளிர்ப்புகை இருக்கிறது. கையின் நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு, எதிரே இருப்பவரின் அசைவைத் தாங்குவதில்லை. அதற்கு வேண்டியது வெளிச்சம் ஒன்றே. 35 மில்லிமீட்டரில் மட்டும் நிற்கிற, நீளவும் குறுகவும் தெரியாத, 1.8 எண் கொண்ட சிறு லென்ஸ் ஒன்று பையில் இருந்திருந்தால், இதைவிட ஆறு மடங்குக்குக் குறையாத வெளிச்சம் கிடைத்திருக்கும். அதை மாட்டவேண்டுமானால் இதைக் கழற்றவேண்டும். சங்கல்பம் இடம் கொடாது. சங்கல்பத்தின்மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது அன்றுதான்.

தாராசுரத்திலிருந்து கும்பகோணம் வந்து, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்குப் போனேன். இந்தச் சாலை சாமானியமான சாலை அல்ல. 1930ஆம் வருஷம் ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் கால்நடையாகப் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடந்து, உப்பு எடுக்க வேதாரண்யம் போய்ச் சேர்ந்த வழி இது. அவர்கள் சித்திரை வெயிலில் நடந்தார்கள். நான் பனிக்காலத்தில் ஜன்னலோர ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, கழுத்தில் தொங்கிய அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட லென்ஸைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தேன். குறைக்குக் காரணம் எடையல்ல. பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் விழுந்து எழும்போதும், கவிழ்ந்து தொங்கிய லென்ஸ் தானாக ஒரு விரற்கடை நீண்டது. மன்னார்குடி வருவதற்குள் யானைத் துதிக்கையைப்போல் முழுவதும் நீண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய முழங்காலைத் தொட்டுவிட்டது. இதைத் தடுக்க ஒரு சிறு பூட்டு அதன் பக்கவாட்டில் இருக்கிறது, அதைப் போடலாம். போட்டுவிட்டு, ஒரு கொக்கு வரப்பிலிருந்து எழும்பும் சமயத்தில் அதை மறந்து வளையத்தோடு மல்லுக்கட்டலாம். இரண்டையும் செய்தேன்.

தேருக்குத் திருவாரூர், விளக்குக்கு வேதாரண்யம் என்பார்கள். அந்த விளக்கழகைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, இரவு அங்கே தங்கி, விடிந்ததும் கோடிக்கரைச் சாலையில் ஓர் ஆட்டோவில் போனேன். வழியில் அகஸ்தியம்பள்ளியில், உப்புச் சத்தியாக்கிரகத்தின் ஞாபகார்த்தமாக நிறுத்தியிருக்கும் ஸ்தூபியைக் கண்டு இறங்கினேன். அதைச் சுற்றியுள்ள பூமி முழுவதும் உப்பளம். பாத்திகளில் வானம் கிடந்தது. வரப்புகளின்மேல் உப்புக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று நின்றன. காமிராவை நம்பி எடுத்த முதல் படத்தில் உப்பு, சாம்பலைப்போல் மங்கி வந்தது. காமிராவின் அளவுமானிக்கு உலகம் எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்பதே சித்தாந்தம்; அளவுக்கு மீறிய வெண்மையைக் கண்டால் அதை அடக்கித் தன் சித்தாந்தத்துக்குள் கொண்டுவரப் பார்க்கும். அதைப் புறக்கணித்து ஒரு படி வெளிச்சம் கூட்டியதும் உப்பு உப்பாயிற்று. இந்த இடத்தில் லென்ஸைக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. 18இல் தொடங்கி 70, 80 வரையில் திருப்பித் திருப்பி ஒரு மணி நேரம் எடுத்தேன்.

கோடிக்கரைச் சரணாலயம் 1967இல் ஏற்பட்டது. கடலுக்கும் சதுப்புக்கும் நடுவே, உலர்ந்தும் பசுமை மாறாத காடும், அதை ஒட்டிய புல்வெளியும், வெளிமான்களும், யாருக்கும் சொந்தமில்லாத மட்டக்குதிரைகளும் உள்ள அபூர்வமான இடம். வனத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு, கூட வந்த வாட்சரோடு உள்ளே போனேன். பனி கலையாத புல்வெளியில், முறுக்கிய கொம்புகளோடு, மேலே கறுப்பும் கீழே வெள்ளையுமாக ஓர் ஆண்மான் தலை நிமிர்ந்து நின்றது. அதன் பின்னால் பழுப்பு நிறத்தில் ஏழெட்டுப் பெண்மான்கள். சுமார் நூறு அடி தூரம் இருக்கும். 300 அங்கே தன் பிறவிப்பயனை அடைந்தது என்றே சொல்லலாம். சாய்ந்த வெயில் தாராளமாக இருந்ததால் 6.3 என்ற எண் உறுத்தவில்லை. ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டேன். மான் காதை ஆட்டியதுகூட உறைந்து நின்றது. முழு உருவத்தையும் சட்டத்துக்குள் வைத்து எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கொம்பின் ஓரத்தில் ஊதா நிறத்தில் மயிரிழை போன்ற ஒரு கோடு தெரியும். நிறங்கள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்க்க இந்த நீளத்தில் அந்தக் கண்ணாடிகளால் முடிவதில்லை. பெரிதாக்காமல் பார்த்தால் தெரியாது, ஆகவே பெரிதாக்குவதில்லை.

பூநாரைகளுக்காகச் சதுப்பின் கரையை அடைந்தபோது மணி பத்தரையைத் தாண்டிவிட்டது. அது என் பிசகு. மட்டக்குதிரைகளோடு அதிக நேரம் கழித்துவிட்டேன். எதிரே எல்லையில்லாத சேறும் நீரும். அதன் மறுகோடியில், ஒரு பென்சிலால் இழுத்தாற்போல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு முழுவதும் பறவைகள் என்றார் வாட்சர். 300க்கு நீட்டிப் பார்த்தேன். கோடு சற்றே தடித்தது. தடித்த கோடு, அடுப்பின்மேல் கொதிக்கும் நீரில் தெரிவதுபோல் நெளிந்தது. வெயில் ஏறியதும் சேற்றின் மேலே சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் அடுக்கடுக்காக எழும்பி, குறுக்கே வரும் ஒளியை ஒவ்வொரு கணமும் வேறுவேறாக வளைக்கின்றன. அந்தக் கானலை ஊடுருவ 300 அல்ல, 600 இருந்தாலும், அதன் விலை எத்தனை லக்ஷமானாலும், நெளிவைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர வேறொன்றும் செய்யாது. இருபது படங்கள் எடுத்தேன். எடுக்க எடுக்க ஏமாற்றம்தான் வளர்ந்தது.

வாட்சர் ஒன்றும் பேசாமல் தம் கழுத்திலிருந்த பழைய பைனாகுலரைக் கழற்றி நீட்டினார். "படத்துல எடுத்தா பொட்டுப் பொட்டாத்தாங்கய்யா வரும். இதுல பாருங்க" என்றார்.

அதிலும் கானல் இருந்தது. ஆனால் நெளிவுக்கு நடுவே ஒரு கணம் காற்று அடங்கும், அந்த ஒரு கணத்தில், தலைகீழாகக் கவிழ்த்த அலகால் சேற்றை அளைந்துகொண்டு, ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்கால் வைத்து, நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே திசையில் நடந்துகொண்டிருப்பது தெரியும், மறுகணம் கலைந்துவிடும். காமிரா அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க அறியாது. கண்ணும் மனமும் காத்திருந்து, கிடைத்த துணுக்குகளை ஒட்டவைத்துக்கொள்கின்றன. பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க மனமின்றி அரைமணி நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். புறப்படும் சமயத்தில், ஞாபகத்துக்காக என்று எண்ணி, லென்ஸைச் சுருக்கி 18இல் வைத்து, கால்மாட்டில் இருந்த சேற்றையும் தலைக்குமேல் இருந்த வானத்தையும் சேர்த்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

ஊருக்கு வந்தபின் ஒரு காரியம் செய்தேன். டிஜிட்டல் காமிராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும், அதை எடுத்த நேரமும், லென்ஸ் நின்ற நீளமும், துவாரத்தின் எண்ணும் சித்திரகுப்தன் கணக்கைப்போல ஒட்டிக்கொண்டே வருகின்றன. நான்கு நாட்களின் படங்களை அந்த நீளத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். என்னைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் வேறு, கணக்கு வேறாக இருந்தது. பாதிக்கு மேற்பட்டவை 18க்கும் 50க்கும் நடுவே இருந்தன. அதற்கு மேல் 140 வரையில் ஒரு கணிசமான கூட்டம்; தாராசுரத்துத் தூண்களும், உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும், மட்டக்குதிரைகளும் அதில் இருந்தார்கள். 140க்கும் 300க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. 300இல் மட்டும் ஒரு பெரிய குவியல். அதில் தொப்பிக்காரர் ஒருவரையும், வெளிமான்கள் சிலவற்றையும் கழித்தால், மீதி எல்லாம் நெளியும் கோடுகள். வளையத்தை அதன் கடைசி வரையில் திருப்ப முடிகிறது என்பதற்காகவே திருப்பியிருக்கிறேன்.

மருமகனிடம் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கணக்கைக் காட்டினேன். 18இலிருந்து 140 வரை போகும் ஒன்று போதும் என்றும், தாராசுரத்துக் குழந்தையை உத்தேசித்து அந்த 35 மில்லிமீட்டர் சிறு லென்ஸையும் வாங்கிவிடுவதென்றும், அதை மண்டபங்களுக்குள் மட்டும், காற்றில்லாத இடத்தில், காமிராவைக் கவிழ்த்துப் பிடித்து மாற்றிக்கொள்வதாகச் சங்கல்பத்தில் ஒரு திருத்தம் செய்துகொண்டிருப்பதாகவும் சொன்னேன். "அப்ப பறவை?" என்றான். 300க்குப் போகாததில் மிச்சப்படும் பணத்தில் ஒரு பைனாகுலர் என்றேன். அவன் லென்ஸின் குழாயை முழுவதும் நீட்டி, அதன் மடிப்பில் ஒட்டியிருந்த ஏதோ வெண்மையானதை விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு, மாமா" என்றான். பிறகு ஒரு மிருதுவான துணியை எடுத்துக்கொண்டு வந்து, கல்யாண மாப்பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் அதைத் துடைக்கத் தொடங்கினான்.

கோடிக்கரையிலிருந்து கொண்டுவந்த படங்களில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பது, 18இல் எடுத்த அந்தக் கடைசிப் படம்தான். முக்கால்வாசி வானம், கால்வாசி சேறு, இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய ரோஜா நிறக் கோடு. வீட்டுக்கு வருகிறவர்களில் சிலர் கண்ணாடிக்கு அருகே போய்ப் பார்த்து, அச்சடிக்கும்போது ஏதோ மை கசிந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.